வலிக்காத கன்னம்

கர்த்தருடைய பிள்ளைகளே, என்னை நேரில் பார்க்காதவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடது கண் கிடையாது. இமையை இழுத்து மூடித் தைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், இமையும் கிடையாது. அந்தப் பக்கத்துக் கன்ன எலும்பும், மேல்தாடையில் பாதியும், அதிலிருந்த பற்களும் போய்விட்டன. வாயின் மேலண்ணத்தில் இருக்கும் ஓட்டையை ஒரு தட்டு வைத்து அடைத்திருக்கிறேன். தட்டைக் கழற்றினால் என் பேச்செல்லாம் மூக்கால் வரும். குடிக்கிற தண்ணீரும் மூக்கால் வரும். இந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் ஆண்டவர் எங்கள் ஜெபத்தைக் கேட்டார் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

என் பெயர் ஞானசுந்தரி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு கம்பெனியில் துணியை வெட்டி மடித்துக் கட்டும் வேலை எனக்கு. என் வீட்டுக்காரர் தங்கராஜ் மில்லில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவார். கடைசி வரிசையில் உட்காருவார். பிரசங்கம் நீண்டால் எழுந்து போய் சைக்கிள் பக்கத்தில் நிற்பார். அவர் வாய்விட்டு ஜெபித்து நான் கேட்டதேயில்லை. எங்களுக்கு மெர்சி என்று ஒரே மகள். அவள் பிறந்த சில வருடங்களில் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம், ஐப்பசி மழை பிடித்த சமயம். எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் உபவாச ஜெபம் இருந்தோம். அதை நடத்தியவர் அன்னபாக்கியம் அக்கா. பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர், கணவரை இழந்தவர், குரல் கணீரென்று இருக்கும். அவர் தலையில் கைவைத்து ஜெபித்தால் காய்ச்சல் இறங்கும் என்று இந்து வீடுகளிலிருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டால் கிறுகிறுத்து விழவேண்டியதுதான். அதனால் உபவாசத்தோடு மாத்திரையையும் நிறுத்தினேன். உபவாசம் முடிந்தது. மாத்திரையை மறுபடி எடுக்கத் தோன்றவில்லை. உடம்பு லேசாக இருந்தது. தாகம்தான் அடங்கவில்லை. சொம்பு சொம்பாகக் குடித்தேன்.

பிறகு இடது கன்னம் வலிக்க ஆரம்பித்தது. முதலில் கடைவாய்ப்பல் என்று நினைத்துக் கிராம்பை வைத்து அழுத்தினேன். அது பல்வலி இல்லை. கண்ணுக்குக் கீழே எலும்புக்குள் இருந்து இழுக்கும். தலையணையில் முகம் பட்டால் உயிர் போகும். கன்னம் வீங்கி, தோல் சிவந்து பளபளவென்று ஆகிவிட்டது. மூக்கு அடைத்துக்கொண்டது. காய்ச்சல் வேறு.

எதிர்வீட்டு ராஜு அம்மா பார்த்துவிட்டு, "ஏம்மா, அக்கி மாதிரில்ல இருக்கு. பானை செய்யுத வேளார் வீட்டுக்குப் போயி எழுதிட்டு வந்துரு, காஞ்சிரும்" என்றார்.

"காவிக்கல்லக் கொழைச்சு மூஞ்சியில சிங்கம் வரையவா? எனக்குச் சிங்கமெல்லாம் வேண்டாம்மா, ஆண்டவரு இருக்காரு" என்றேன். அந்த வலியிலும் எனக்கு வாய் குறையவில்லை.

என் வீட்டுக்காரர் வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். வெள்ளிக்கிழமை ஜெபம் முடியட்டும் என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே பெண்கள் கூடினார்கள். அன்னபாக்கியம் அக்கா என் கன்னத்தில் கையை வைத்தார். கை பட்டதும் நான் கத்திவிட்டேன். அவர் கையை எடுக்கவில்லை. "ஆண்டவரே, இந்த வலி இவளை விட்டுப் போகணும், இப்பமே போகணும்" என்று அழுது ஜெபித்தார். சுற்றியிருந்த எல்லாரும் அழுதார்கள். அவ்வளவு அன்போடு எனக்காக யாரும் அழுததில்லை.

சனிக்கிழமை காலையில் விழித்தேன். வலி இல்லை.

கன்னத்தைத் தொட்டேன். அழுத்தினேன். கிள்ளினேன். ஒன்றுமே தெரியவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய் மெர்சியைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீக்கம் அப்படியே இருந்தது, காய்ச்சலும் இருந்தது. ஆனால் வலி போய்விட்டதே! எதற்காக ஜெபித்தோமோ அது கிடைத்துவிட்டதே! மற்றது தானாக வற்றும் என்று நினைத்தேன்.

எங்கள் சபையில் ஆராதனை முடிவில் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முக்காட்டை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டு எழுந்து நின்றேன். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். "இங்க பாருங்க" என்று எல்லாரும் பார்க்க என் கன்னத்தை நகத்தால் அழுந்தக் கிள்ளிக் காட்டினேன். "வலிக்கவே இல்ல. ஆண்டவர் என்னைச் சுகமாக்கிட்டாரு" என்றேன். கோயில் முழுக்க அல்லேலூயா. பெண்கள் பக்கத்தில் கைதட்டு ஓய வெகுநேரம் ஆயிற்று. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இடது இமை தொங்கிவிட்டது. கையால் தூக்கினால்தான் திறக்கும். திறந்தால் ஒரு விளக்கு இரண்டாகத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் அந்தக் கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது, அடுப்புக்கரியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி. வாய் நாறியது. எனக்கே தாங்கவில்லை.

"கெளம்பு" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்க?"

"எங்கயா? ஆஸ்பத்திரிக்குத்தான். மூஞ்சியக் கண்ணாடியில பாத்தியா நீயி?"

"ஊரறிய சாட்சி சொல்லிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல போயி நிக்கச் சொல்லுதீகளா? அப்பம் ஆண்டவரு செய்யலைன்னு ஆகாதா? அவரைப் பொய்யராக்கணுமா நான்?"

"நீ செத்துட்டா மட்டும் அவருக்குப் பேராக்கும்?" என்றார். கல்யாணமாகி அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான்.

நான் அசையவில்லை. வெளியில் இருப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். விசுவாசிகளுக்குத் தெரியும், ஒருமுறை எழுந்து நின்று வாயால் அறிக்கையிட்ட பிறகு அதைத் திரும்ப வாங்குவது எப்படிப்பட்ட காரியம் என்று. வீக்கத்தைப் பிசாசு காட்டுகிற பொய் என்றார்கள் சிலர். அன்னபாக்கியம் அக்காவும், "சுகம்னு சொன்னா சுகம்தாம்ட்டி. இது விசுவாசத்துக்கு வார சோதனை, உறுதியா இரு" என்றார். நான் உறுதியாக இருந்தேன். எழுந்து உட்கார முடியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு, பாயில் கிடந்து உறுதியாக இருந்தேன்.

என்னால் எழ முடியவில்லை என்று கேள்விப்பட்டு எங்கள் போதகர் ஐயா வீட்டுக்கே திருவிருந்து கொடுக்க வந்தார். மத்தியான நேரம். மெர்சியைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். அன்னபாக்கியம் அக்கா என் தலையை மடியில் வைத்துத் தூக்கிப் பிடித்தார். ஐயா அப்பத்தை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம். ஒரு வாய்தான் விழுங்கினேன். அது தொண்டைக்குள் போகவில்லை. இடது மூக்கு வழியாகச் சிவப்பாக வெளியே வந்து, உதட்டில் இறங்கி, அக்காவின் வெள்ளைச் சேலையில் சொட்டியது.

ஐயா கிண்ணத்தை மூடி வைத்தார். "தங்கராஜ், டார்ச் இருக்கா?" என்றார். என் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கை அடித்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை இந்த ஒரு கண்ணால் நான் பார்த்தேன். மேலண்ணம் இடது பக்கம் முழுக்கக் கறுத்து, நடுவில் ஓட்டை விழுந்திருந்ததாம்.

"ஐயா, நான் சாட்சி சொல்லிட்டேன்" என்றேன். மூக்கால்தான் வந்தது. இருந்தாலும் அவருக்குப் புரிந்தது.

"சாட்சிய நான் பாத்துக்கிடுதேன் தாயி. நீ வண்டியில ஏறு" என்றார்.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஐயா, சுகம் கெடச்ச பிள்ளைய..." என்று ஆரம்பித்து, தன் சேலையில் இருந்த கறையைக் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் மில் பக்கம் ஓடிப்போய் ஒரு வேன் பிடித்து வந்தபோது, முதல் ஆளாக ஏறி உட்கார்ந்து என் தலைக்கு மடியைக் கொடுத்தவர் அவர்தான்.

வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்தார்கள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி ரத்தம் கெட்டுக் கிடக்கிறது, இங்கே வைத்துப் பார்க்கிற கேஸ் இல்லை என்று ஊசி போட்டு, குளுக்கோஸ் பாட்டிலுக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ஆம்புலன்ஸிலேயே மதுரைக்கு அனுப்பினார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியது வரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூக்கு வைத்தியம் பார்க்கிற லேடி டாக்டர் ஒருவர். சின்ன வயதுதான், கடுகடுவென்று இருப்பார். நினைவு தெளிந்து நான் கண் திறந்த அன்று, என் கன்னத்தில் ஊசியால் குத்தி, "வலிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். இன்னும் கொஞ்சம் மேலே குத்தினார். இல்லை. மூக்குக்குள் குச்சியை விட்டுக் கறுப்பாக எதையோ சுரண்டி எடுத்தார். அதுவும் தெரியவில்லை.

"எப்ப வலி நின்னுச்சு?"

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "போன சனிக்கிழமை காலையிலங்க. ஜெபம் பண்ணாங்க, நின்னுருச்சு."

டாக்டர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "பழைய ரொட்டியில பூஞ்சணம் பூக்குதுல்ல, அந்த ஜாதிதான் இது. காத்துல எங்கயும் இருக்கும். நாம எல்லாரும் தினமும் மூச்சுல இழுக்கிறோம். உடம்புல எதிர்ப்புச் சக்தி இருந்தா ஒண்ணும் பண்ணாது. சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறி உடம்பு தளர்ந்து கிடந்தா மூக்குக்குள்ள வேர் விட்டிரும். ரத்தக் குழாய்க்குள்ள புகுந்து அடைச்சிரும். ரத்தம் போகாத சதை செத்துப்போகும். நரம்பும் சேர்ந்து சாகும். செத்தது வலிக்காதும்மா."

செத்தது வலிக்காது.

நான் கோயிலில் நின்று ஊரெல்லாம் பார்க்கக் கிள்ளிக் காட்டியது என் செத்த சதையை. அதற்குத்தான் அல்லேலூயா சொன்னோம். அந்தப் படுக்கையில் எனக்கு வந்த அவமானம் இருக்கிறதே, வியாதியை விட அதுதான் என்னைக் கொன்றது. அன்னபாக்கியம் அக்கா கதவோரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் மேலும் சொன்னார். மருந்து ஏற்ற வேண்டும், ஆனால் மருந்து மட்டும் போதாது, ரத்தம் ஓடாத இடத்துக்கு மருந்தும் போகாது. செத்ததையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டும். மேல்தாடை பாதி, கன்ன எலும்பு, கண். விட்டால் மூளைக்கு ஏறிவிடும், பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. உடனே முடிவு சொல்லுங்கள் என்றார்.

நான் ஜெபித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஜெபித்ததில்லை. "ஆண்டவரே, தாடை போகட்டும், பல்லு போகட்டும். கண்ணை விட்டுவிடும். பார்வை வேண்டாம், கண் மட்டும் இருக்கட்டும். மெர்சி என்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது" என்று கேட்டேன். கெஞ்சினேன். பேரம் பேசினேன். என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்காமலே சம்மதக் கையெழுத்துப் போட்டார். கண்ணை எடுத்துவிட்டார்கள்.

பிரியமானவர்களே, அதற்குப் பிறகு நான் ஆண்டவரோடு பேசவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். போதகர் ஐயா பஸ் ஏறி மதுரைக்கு வந்து ஜெபிக்க நின்றபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். திருப்ப எனக்குப் பாதி முகம்தானே இருந்தது. எனக்கும் உமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மனதுக்குள் சொல்லிவிட்டேன்.

தினமும் டிரெஸ்ஸிங். கன்னம் இருந்த பள்ளத்தில் நாடா மாதிரிக் காஸ் துணியைத் திணித்து வைத்திருப்பார்கள். அதை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊரில் நாங்கள் வெட்டி மடிக்கிற அதே துணிதான். எத்தனை கட்டு மடித்திருப்பேன், அது எங்கே போகும் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்திருக்கிறேனா? அந்தப் பள்ளத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, மறுபடி கறுப்பு தெரிகிறது என்று இன்னொரு முறையும் அறுத்தார்கள்.

மருந்தின் பெயர் ஆம்போடெரிசின். மெட்ராஸிலிருந்து வரவழைத்தார்கள். வெளிச்சம் படக்கூடாது என்று பாட்டிலைக் கார்பன் தாளால் சுற்றித் தொங்கவிடுவார்கள். அது ஏற ஆரம்பித்துச் செத்த நேரத்தில் குளிர் வரும் பாருங்கள், கட்டிலே கடகடவென்று ஆடும். மதுரை வெயிலில் மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டும், இருக்கிற பல்தான். அன்னபாக்கியம் அக்கா கம்பளியின் மேலேயே படுத்து என்னை அமுக்கிப் பிடித்துக்கொள்வார். ஊருக்குப் போங்கள் என்று என் வீட்டுக்காரர் எத்தனையோ தடவை சொன்னார். அக்கா போகவில்லை. மூக்கில் விட்டிருந்த குழாயில் கஞ்சி ஊற்றினார், மலம் அள்ளினார், துணி துவைத்தார். ஜெபம் மட்டும் செய்யவில்லை. அந்தக் கணீர்க் குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பிறகுதான் கடைசிக் கண்டம் வந்தது. அந்த மருந்து பூஞ்சணத்தைக் கொல்லுகிற மாதிரியே சிறுநீரகத்தையும் கெடுக்குமாம். எனக்குச் சிறுநீர் குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் காலையில் கட்டிலடியில் தொங்கிய பையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கால் வீங்கிவிட்டது. டாக்டர் பையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், என் வீட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"இன்னைக்கு மருந்தை நிறுத்தியிருக்கேன். சிறுநீரகம் திரும்பி வேலை செய்தா மறுபடி ஏத்தலாம். செய்யலைன்னா இனிமே ஏத்த முடியாது. மருந்து இல்லைன்னா இது மேல ஏறிடும். உங்க ஆளுங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க."

சொல்லி அனுப்புவது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வில்லிபுத்தூரில் என் தங்கை வீட்டில் விட்டிருந்த மெர்சியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வதா வேண்டாமா என்று அவர் வராந்தாவிலேயே நின்று தவித்தார். பிறகு உள்ளே வந்தார். கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்றார். கோயிலில்கூட அவர் முழங்கால் போட்டு நான் பார்த்ததில்லை.

"அக்கா, ஜெபம் பண்ணுங்க" என்றார்.

அன்னபாக்கியம் அக்கா தலையை ஆட்டினார். "நான் பண்ண ஜெபம் போதும்ய்யா. பயமா இருக்கு. எதக் கேக்கணும்னே எனக்குத் தெரியல."

"அப்பம் நான் பண்ணுதேன்" என்றார் என் வீட்டுக்காரர். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஜெபித்தது முழுவதும் இவ்வளவுதான்: "ஆண்டவரே, எனக்கு அலங்காரமாப் பேசத் தெரியாது. இவளுக்கு ஒண்ணுக்குப் போகணும். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் இப்பம் கேக்கல."

வேறு நேரமாக இருந்தால் வார்டே சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த அம்மா ஆமென் என்றார், அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. அக்கா ஆமென் என்று ஓவென்று அழுதார். எனக்கு வாயெல்லாம் துணி. ஆமென் சொல்ல வராது. ஆனால் பல நாள் கழித்து உள்ளுக்குள் நானும் வாயைத் திறந்தேன். "சரி, கண்ணு போனது போகட்டும். இதையாவது தாரும். மெர்சிக்குத் தாய் வேண்டும்" என்றேன். கோபம் தீர்ந்து சொல்லவில்லை, கோபத்தோடுதான் சொன்னேன். அவர் அதையும் கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் முழுக்கப் பை அப்படியே இருந்தது. உப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவேயில்லை. பொழுது சாயும்போது டியூட்டி மாற வந்த நர்ஸ், குழாயை விரலால் தட்டி, குனிந்து பார்த்து, "ஐயோ, வந்திருக்கு! இங்க பாருங்க, வந்திருக்கு!" என்று கத்தினார். பையின் அடியில் கொஞ்சம். கலங்கலாக, மஞ்சளாக. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டுச் சொட்டாக ஏறியது. அன்னபாக்கியம் அக்கா அந்தப் பையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று ஏங்கி ஏங்கி அழுதார். என் வீட்டுக்காரர் கம்பளி மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒரு மூத்திரப் பைக்கு முன்னால் நாங்கள் செய்த அந்த ஆராதனையைப் போல இன்னொன்றை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் விட்டு மருந்தை அளவு குறைத்து மறுபடி ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பள்ளத்தில் கறுப்பு வரவில்லை. சதை சிவப்பாக இருக்கிறது, தொட்டால் ரத்தம் வருகிறது என்று டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். ஒரு நாள் டிரெஸ்ஸிங் செய்யும்போது ஓரத்தில் சுரீரென்று வலித்தது. கத்தினேன். "கத்துங்க, நல்லாக் கத்துங்க" என்றார் அவர். அந்த வலிக்குத்தான் நான் உண்மையிலேயே நன்றி சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கார்த்திகை முடிந்து ஆலயத்தில் கிறிஸ்மஸுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். உள்ளே ஓடிவிட்டாள். நான் எதற்குப் பயந்தேனோ அதுவேதான் நடந்தது. பல நாள் என் பக்கத்தில் படுக்க மாட்டாள். சாப்பிடும்போது வேறு பக்கம் பார்ப்பாள். நான் அவளைக் குறைசொல்ல மாட்டேன், எனக்கே கண்ணாடி பார்க்கத் தைரியம் வர அந்தக் கோடை ஆகிவிட்டது. மெல்ல மெல்லத்தான் பழகினாள். இப்போது பெரிய பிள்ளை, என்னோடு சண்டை போடும்போது என் ஒற்றைக் கண்ணை நேராகப் பார்த்துத்தான் போடுகிறாள். என் வீட்டுக்காரர்தான், "பவுடர் செலவு பாதியாக் கொறஞ்சிருக்கு" என்று கிண்டல் செய்வார். அவரை விட்டால் வேறு யார் அதைச் சொல்லலாம்?

தட்டு பொருத்திப் பேச்சு திருந்திய பிறகு அதே கோயிலில் மறுபடி எழுந்து நின்றேன். முதல் சாட்சியில் சொன்னது என்ன, அது எதனால் நடந்தது என்று ஒளிக்காமல் சொன்னேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்து ஒரு சகோதரி என்னிடம் வந்து, "அக்கா, அதப் போயி சொல்லணுமா? கேக்குதவிய விசுவாசம் ஆடிப்போகாதா?" என்றார். எனக்கு முன்னால் அன்னபாக்கியம் அக்கா பதில் சொன்னார்: "ஆடுனா ஆடட்டும்ட்டி. ஆள் சாகறதுக்கு அது தேவலை."

அன்று முதல் எங்கள் பெண்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். நோயோடு யார் வந்தாலும் ஜெபிக்கிறோம், முன்னைவிட அதிகமாகவே ஜெபிக்கிறோம். ஜெபம் முடிந்ததும் எங்களில் ஒருத்தி அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சர்க்கரை இருப்பவர்களை உபவாசத்தில் சேர்ப்பதில்லை. அவர்கள் சாப்பிட்டு, மாத்திரை போட்டுவிட்டு வந்து எங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கலாம்.

போன மழைக்காலத்தில் தளவாய்புரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஏதோ மூட்டு வியாதிக்கு நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள், அதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம். கன்னம் வீங்கியிருந்தது. முந்தின வாரம் தங்கள் ஊரில் ஜெபித்ததில் கன்னத்து வலி குறைந்து மரத்த மாதிரி இருக்கிறது, நன்றி சொல்ல வந்தேன் என்றாள். அவளை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். அண்ணத்தில் ஒரு ஓரம் வெளுத்து நிறம் மாறியிருந்தது. கறுக்கவில்லை இன்னும். அந்த நிமிஷமே பஸ் ஏறினோம். மதுரையில் மூக்குக்குள்ளேயும் அண்ணத்திலும் கொஞ்சம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். குளிரில் அவள் ஆடியபோது கம்பளியின் மேல் நான் படுத்துக்கொண்டேன்.

அவள் பிழைத்துவிட்டாள். இரண்டு கண்ணோடு வீட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்று ஆண்டவரிடம் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் இறங்கும்போது, அவளுக்காக ஸ்தோத்திரம் என்று சொல்ல முடிந்தது. அதைச் சொல்லவும் அவர்தான் பெலன் கொடுத்திருக்க வேண்டும், எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது.

ஆகையால் பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். அவர் கேட்கிறார். அலங்காரமில்லாமல் கேட்டாலும், கோபத்தோடு கேட்டாலும் கேட்கிறார். நம்பிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுங்கள். சாட்சியை நாளைக்குச் சொல்லலாம், அதற்குள் அது ஓடிவிடாது. கூட வர ஆள் இல்லையென்றால் எங்கள் தெருவுக்குச் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எவ்வளவு நீண்ட வரிசை நின்றாலும், என் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டுவிடுகிறார்கள். அதற்கும் ஸ்தோத்திரம்.